‘ஓ சோலே மியோ’ யாருடைய பாட்டு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகப் புகழ்பெற்ற காதல் பாடல்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால் ‘ஓ சோலே மியோ’ வரும் இடத்தில் ‘பழைய இத்தாலிய நாட்டுப்பாடல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை அப்படியே விட மனசு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், அது நாட்டுப்பாடலே இல்லை. 1898-ல் தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் வெளிவந்த பாட்டு. வரிகளை எழுதியவர் ஜொவான்னி கப்புர்ரோ, கவிஞர், பத்திரிகையிலும் வேலை பார்த்தவர். இசை எதுவார்தோ தி கப்புவா. தி கப்புவா தன் அப்பாவோடு கச்சேரிக்காக ஒடெஸா போயிருந்தபோது, கருங்கடல் ஓரத்தில் ஒரு காலை வெயிலைப் பார்த்து மெட்டுப் போட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் நேப்பிள்ஸில் புதுப் பாட்டுகள் பியேதிக்ரோத்தா திருவிழாவில்தான் அரங்கேறும், இதுவும் அங்கே போட்டிக்குப் போனது, முதல் பரிசு கிடைக்கவில்லை. எழுதியவருக்கும் சரி, இசையமைத்தவருக்கும் சரி, இந்தப் பாட்டால் வாழ்க்கை மாறவில்லை. தி கப்புவா 1917-லும் கப்புர்ரோ 1920-லும் வறுமையிலேயே இறந்து போனார்கள்.

அடுத்தது மொழி. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். பாட்டு இத்தாலிய மொழியில் இல்லை, நேப்பிள்ஸ் பகுதியின் மொழியான நியாப்பொலித்தானில் இருக்கிறது. இத்தாலியத்தைக் கொச்சையாகப் பேசினால் நியாப்பொலித்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. இன்றைய இத்தாலியம் பிளாரன்ஸ் பக்கத்துப் பேச்சிலிருந்து வளர்ந்தது, நியாப்பொலித்தானோ லத்தீனிலிருந்து தன் வழியில் தனியாக வந்தது, இத்தாலி ஒரே நாடாக 1861-ல் அறிவிக்கப்படும் முன்பு நேப்பிள்ஸ் ஒரு தனி ராஜ்யத்துக்கே தலைநகரம். பாட்டின் தலைப்பிலேயே வித்தியாசம் தெரியும். அந்த ‘ஓ’ யாரையும் கூப்பிடுவதில்லை, ‘ஓ, என் சூரியனே’ என்று பெயர்ப்பது பிழை, ‘என் சூரியன்’ என்பதுதான் பொருள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டும் சின்ன இடைச்சொல் அது, இத்தாலியத்தில் அந்த இடத்தில் ‘இல்’ வரும். ‘இன்னும் அதிகம்’ என்பதற்கு இத்தாலியத்தில் ‘பியூ’, இந்தப் பாட்டில் ‘கியூ’. சொற்களின் கடைசி உயிரெழுத்தை நேப்பிள்ஸ்காரர்கள் பாதி விழுங்கிவிடுவார்கள், அதைத் திருத்தமான இத்தாலிய உச்சரிப்பில் பாடினால் பாட்டின் குழைவு போய்விடுகிறது.

மேடைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிற நடுச் சரணத்தைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். காதலியின் ஜன்னல் கண்ணாடி வெயிலில் பளபளக்கிறது, ஒரு சலவைக்காரி துணியைப் பிழிகிறாள், உதறி விரிக்கிறாள், பாடிக்கொண்டே பெருமை பேசுகிறாள். கடைசிச் சரணத்தில் பொழுது சாய, மனசில் ஒரு பாரம் வந்து உட்கார, அவள் ஜன்னலுக்குக் கீழேயே நின்றுவிடலாம் போலிருக்கிறது என்கிறான் காதலன். கப்புர்ரோ தன் தெருவில் கேட்ட பேச்சிலேயே எழுதியதால்தான் இது இவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

பாட்டை உலகத்துக்குக் கொண்டுபோனதில் ஓபரா பாடகர் என்ரிக்கோ கரூஸோவுக்குப் பெரிய பங்கு உண்டு, அவரும் நேப்பிள்ஸில் பிறந்தவர், 1916-ல் இசைத்தட்டில் பதிவு செய்தார். 1960-ல் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இதே மெட்டில் ஆங்கிலத்தில் வேறு வரிகளைப் பாடினார். இப்படி ஊர் ஊராகப் போனதில்தான் மொழியின் பெயர் தொலைந்துபோனது. இத்தாலிக்குள்ளேயே நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. சிறுபான்மை மொழிகளைக் காக்க 1999-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது, பன்னிரண்டு மொழிச் சமூகங்கள் அதில் இடம்பெற்றன, லட்சக்கணக்கானோர் பேசுகிற நியாப்பொலித்தானுக்கு இடம் இல்லை.

அப்புறம் இன்னொரு பெயரும் இருக்கிறது. தி கப்புவாவோடு வேலை செய்த அல்ஃபிரேதோ மத்சுக்கியும் இந்தப் பாட்டின் இசையில் பங்காளி என்று 2002-ல் துரின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் இறந்தது 1972-ல், படைத்தவர்களில் கடைசியாக இறந்தவருக்குப் பின் எழுபது ஆண்டு என்ற கணக்கில் இத்தாலியில் 2042 வரை பாட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. பதிப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிற ஒரு பாட்டை யார் எழுதியது என்றே தெரியாத நாட்டுப்பாடல் என்று அச்சிடலாமா? திருத்தம் போடும்போது மொழியின் பெயரோடு இந்த மூன்று பேரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்