அது ஒத்தடம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பார்க்கின்சன் நோய்க்கு மூளையில் மின்முனை வைக்கும் சிகிச்சை பற்றி ஞாயிறன்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்ன என்பது அதில் இல்லை.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டியவர். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரம் புண்ணாகிவிடும். வலது கை நடுங்கி, எங்கள் மரங்களில் பாதி புண்ணான பிறகுதான் டாக்டரிடமே போனோம். லெவோடோபா மாத்திரையில் சில வருடம் ஓடியது. அப்புறம் இரண்டு மாத்திரைக்கு நடுவே மரக்கட்டையாய் உட்கார்ந்துவிடுவார். மாத்திரை ஏறினால் உடம்பு தானாக நெளியும். திருவனந்தபுரத்தில் அறுவை நடந்தது. விழித்திருக்கும்போதே கையை மூடித் திறக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். அவர்கள் மலையாளத்தில் கேட்க, இவர் தமிழில் பதில். கம்பி தோலுக்கடியில் கழுத்து வழியாக இறங்கி, காரையெலும்புக்குக் கீழே வைத்த, மின்துடிப்பு அனுப்பும் கருவியில் முடிகிறது. நோய் போகவில்லை, பேச்சும் குழறல்தான். ஆனால் டீ டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறார். பத்து சென்ட் நிலம் போனது, போகட்டும்.

சொல்ல வந்தது வேறு. போன மாதம் தோள்பட்டை இறுகி வலித்ததால், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். "சூடு வைத்தால் சரியாகும்" என்று அங்கிருந்த பெண் மெஷினை நகர்த்தினாள். ஒத்தடம் என்றே நினைத்தேன். இவர் நெஞ்சைத் தொட்டு ஏதோ குழறினார். "பேஸ்மேக்கரா?" என்று அவள் கையை எடுத்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது, அதன் பெயர் டயதெர்மி; வெளியே ஒத்தடம் வைப்பதல்ல, அலைகளை அனுப்பி உடம்புக்குள்ளேயே சூடேற்றுவது. அந்தச் சக்தி கம்பி வழியே ஏறி மின்முனை இருக்கும் இடத்தில் மூளையைச் சுட்டுவிடும், உயிரே போகலாம். கருவியை அணைத்து வைத்தாலும் ஆபத்துதானாம்.

டிஸ்சார்ஜ் அன்று சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு என் காதில் எது ஏறியது? கருவி அட்டையைக் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். அது பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் கிடந்தது. இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மகள் அதன் பின்னால் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "தலையில் கம்பி இருக்கிறது. டயதெர்மி வைக்கக் கூடாது. எம்ஆர்ஐ எடுக்கும் முன் எங்கள் டாக்டரிடம் கேளுங்கள்."

அடுத்த முறை எழுதும்போது இந்த மூன்று வரியையும் கட்டம் கட்டிப் போடுங்கள்.

ஒரு வாசகி,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்