காப்பீட்டுக் கோரிக்கைக்குக் கடைசி வரை ஒரே எண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுள் காப்பீட்டில் இறப்புக் கோரிக்கையை, விசாரணை தேவைப்படாவிட்டால் 15 நாட்களிலும் தேவைப்பட்டால் 45 நாட்களிலும் தீர்க்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024-இல் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை கூறுகிறது. முன்பு 30 நாட்களாக இருந்த கெடு பாதியாகக் குறைந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் நடைமுறையில் அந்த நாள்கணக்கை வைத்திருப்பது அலுவலகக் கணினியில் இருக்கும் பாலிசி மேலாண்மை மென்பொருளின் பணிப்பட்டியல்தான். நெடுங்காலமாக முகவராக இருப்பவன் என்ற முறையில், அதிலுள்ள ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

கிளையில் விண்ணப்பம் கொடுத்ததும் அதை ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். மென்பொருள் அதற்கு ஒரு பணி எண் கொடுத்து, ஒரு அலுவலரின் பட்டியலில் கெடு தேதியுடன் சேர்த்துவிடுகிறது. தேதி நெருங்கினால் அந்த வரி நிறம் மாறும், தாண்டினால் மேலாளரின் பார்வைக்கும் போகும். ஒரு தாள் எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடவே அரைநாள் போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை எங்கே என்றால், ஆவணம் ஒன்று போதவில்லை என்று கடிதம் அனுப்பியவுடன் அந்தப் பணி ‘முடிந்தது’ என்று பதிவாகிவிடுவதில்தான். நான் உடனிருந்து பார்த்த ஒரு கோரிக்கையில், கணவரை இழந்த பெண் இறப்புச் சான்றிதழ், அசல் பாலிசிப் பத்திரம், ரத்து செய்த காசோலை எல்லாவற்றையும் கொடுத்திருந்தார். காசோலையில் அவர் பெயர் அச்சாகவில்லை என்று கடிதம் வந்தது, பணி முடிந்தது. வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலைக் கொடுத்தபோது புதிய எண்ணும் புதிய கெடுவும் விழுந்தன. அடுத்து, பாலிசியில் நாமினி பெயருக்கு முன்னால் கணவரின் இனிஷியலும் ஆதாரில் தந்தையின் இனிஷியலும் இருக்கின்றன என்று இன்னொரு கடிதம். நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு இந்த வேறுபாடு இருக்கும். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பணியும் கெடுவுக்குள் முடிந்ததாகவே திரை காட்டியது, தீபாவளிக்கு முன் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பணம் வந்தபோதோ பங்குனி பிறந்திருந்தது.

இதில் ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை பணிகளை முடித்தார்கள் என்பதை வைத்தே அவர்களை மதிப்பிடுகிறார்கள் என்றால், கடிதம் எழுதிப் பணியை முடிப்பதுதான் நடக்கும். கூடுதல் ஆவணங்களை இயன்றவரை ஒரே தடவையில் கேட்க வேண்டும், தவணை தவணையாகக் கேட்கக் கூடாது என்று ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. அதை மீறும்போது எச்சரிக்கும் வேலையை மென்பொருளுக்கே கொடுத்துவிடலாம்.

முதல் விண்ணப்பத்துக்குக் கிடைத்த எண்ணே பணம் வங்கிக் கணக்கில் சேரும் வரை நீடிக்க வேண்டும். இடையில் பிறக்கும் பணிகள் எல்லாம் அதன் கீழே கிளைகளாக வர வேண்டுமே தவிர, முதல் தேதி மாறக் கூடாது. குடும்பத்தார் ஆவணம் கொடுக்க எடுத்துக்கொண்ட நாட்களைத் தனியாகக் காட்டினால் நிறுவனத்துக்கும் அநீதி இல்லை. யாரிடம், எதற்காகக் கோரிக்கை நிற்கிறது என்பது நாமினியின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக நேர்ந்தால், முதலில் எப்போது விண்ணப்பித்தோம் என்று காட்ட அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கப்போகும் சான்று இதுவே.

ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்தால், அதன் நிலையைத் தொடர்ந்து பார்க்க ஒரு டோக்கன் எண் கிடைக்கிறது. புகாராக மாறுவதற்கு முன்பே, கோரிக்கை நிலையிலேயே இந்த வசதியைத் தரும்படி எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஆணையம் உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர்,
கும்பகோணம்.