மரப்படகைத் தண்ணீரில் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய கப்பல்களைப் பாதுகாப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மரப்படகைக் கரையேற்றிக் கூரை போட்டுவிட்டால் போதும், அப்படியே இருக்கும் என்று எழுதியிருந்தது. இது தவறு. நான் 26 வருஷம் எண்ணெய்க் கப்பல்களில் பம்ப்மேனாக இருந்தவன். அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி.

2014-இல் பாஸ்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கேப் காட் பகுதியில் ஆர்லியன்ஸ் ஊரின் ராக் ஹார்பருக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். சி.ஜி. 36500 என்ற படகைப் பார்க்கத்தான். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் மீட்புப் படகு அது. 36 அடி நீளம், 1946-இல் கட்டியது.

1952 பிப்ரவரி 18 அன்று பென்டில்டன் என்ற டேங்கர் மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு பாஸ்டனுக்கு வரும் வழியில், புயலில் இரண்டாக முறிந்தது. முன்பாதியில் இருந்த கேப்டன் உட்பட 8 பேரும் போய்விட்டார்கள். பின்பாதியில் 33 பேர். சாத்தம் நிலையத்திலிருந்து 23 வயது பெர்னார்ட் வெப்பரும் இன்னும் 3 பேரும் இந்தப் படகில் கிளம்பினார்கள். மணல்திட்டைத் தாண்டும்போதே அலை அடித்து முன்கண்ணாடி நொறுங்கியது, திசைகாட்டி போய்விட்டது, எஞ்சினும் நின்றது. ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் உள்ளே தவழ்ந்து போய் அதைக் கிளப்பினார். அப்புறம் திசைகாட்டி இல்லாமலே இருட்டில் அந்தப் பாதிக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். கயிற்றேணியில் இறங்கியவர்களில் ஒருவரை மட்டும் கடல் கொண்டுபோனது. மீதி 32 பேரும் கரை சேர்ந்தார்கள்.

அந்தப் படகின் முன்கூண்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். தோள் இரண்டு பக்கமும் இடித்தது. பன்னிரண்டு பேருக்கென்று கட்டிய படகில் அன்று 36 பேர் வந்தார்கள். நானும் டேங்கரின் பின்பக்கத்தில் படுத்துத் தூங்கியவன்தானே, கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1968-இல் இந்தப் படகுக்கு ஓய்வு கொடுத்தார்கள். காட்சிக்கு வைப்பதாகத்தான் கரையேற்றினார்கள், பணம் வரவில்லை. 13 வருஷம் வெயிலிலும் பனியிலும் கிடந்தது. கரையில் கிடக்கும் மரம் காயும், பலகை சுருங்கும், இடுக்கு வாய்பிளக்கும், திணித்த பஞ்சு உதிரும். கூரை மழையைத் தடுக்கும், இதைத் தடுக்காது. தோணியை ஒரு கோடை முழுக்கக் கரையில் விட்டால், இறக்குவதற்கு முன்னால் கலப்பத்து, அதாவது பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைத்தது, முழுவதையும் பிரித்துத் திரும்பப் போட வேண்டும் என்பார் அப்பா.

1981-இல் ஆர்லியன்ஸ் வரலாற்றுச் சங்கம் படகை வாங்கிக்கொண்டது. ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்து ஆறே மாதத்தில் அதைக் கடலில் இறக்கிவிட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கவில்லை, ஓட்டினார்கள். அதனால்தான் அந்த மீட்பு நடந்து 50 வருஷம் ஆன 2002-இல் வெப்பரே மறுபடி அதன் சுக்கானைப் பிடிக்க முடிந்தது.

நான் போன அன்று என் வயதுக்காரர் ஒருவர் குனிந்து, படகின் அடியில் எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்று கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகுகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் கசிந்தால் நல்லது, பலகை உப்பி இருக்கிறது என்று அர்த்தம் என்றார். அப்பா இதே வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரும்புக் கப்பல் கதை வேறு. அதே காவல்படையின் டமரோவா 1991 புயலில் ஆட்களைக் காப்பாற்றிய கப்பல். அதன்மேல் ஆசை வைத்தவர்கள் வருஷக்கணக்கில் பாடுபட்டும் அடித்தகடு ஓட்டை விழுந்து, 2017-இல் மீன்கள் தங்கும் செயற்கைப் பாராகக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். இரும்பைத் தண்ணீர் தின்னும், மரத்தைக் கரை தின்னும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் எழுதக் கூடாது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுபவரை, கலப்பத்து போடத் தெரிந்த ஓடாவி ஒருவரிடமும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். தூத்துக்குடிக்கு வந்தால் நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப்மேன்,
தூத்துக்குடி