புரொஜெக்டர் மட்டும் போதாது

ஐயா,

நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கிறிஸ்துமஸ் மேடைக்காட்சியோடு 1979 வரை இருந்ததுபோல் திரைப்படத்தையும் சேர்க்கலாம் என்ற தங்கள் கட்டுரையின் ஆசை நியாயமானதே. ஆனால் தடை புரொஜெக்டர் அல்ல. மேடைப் புகையின் பிசுக்கு திரையில் ஒலி வெளிவரவென்று இடப்பட்ட நுண்துளைகளிலும் ஆபரேட்டர் அறைக் கண்ணாடியிலும் படிந்து வெளிச்சத்தைக் குடித்துவிடும். உலர்துணியால் துடைத்தால் இழுவிக்கொண்டு மேலும் மங்கும். பிலிம் என்றால், உயரத்திலிருந்து சாய்ந்து விழும் படம் கீழே அகலும். புரொஜெக்டரில் படச்சட்டத்தின் வடிவைத் தீர்மானிக்கும் துளையுள்ள கேட் தகட்டை அரத்தால் ராவித்தான் ஓரங்களை நேராக்க வேண்டும். நாளுக்குப் பல காட்சிகள் நடக்கும் டிசம்பரில் இதற்கெல்லாம் நேரமேது?

மேடை ஓய்ந்தபின், ஜனவரியில், திரையைக் கழுவி ஒரு வாரம் 35 மி.மீ. பிலிம் படங்களைத் திரையிடலாம்.

- ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர், மதுரை