ஆண்டறிக்கை 2024–25: சனிக்கிழமை இரவு ஒன்பது மணிப் பட்டறை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

போன ஆண்டு நான் வாசித்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். இந்த முறை நம் சிறுகதைப் பட்டறையைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். காபி வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும் என்று சமையல்காரர் சொல்லிவிட்டார்.

மற்ற விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா வழக்கம்போல மும்பை மாட்டுங்காவில் நடந்தது. சர்க்கரைப் பொங்கல் சீக்கிரம் தீர்ந்துபோனது பற்றி வந்த புகார்கள் செயற்குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. செம்பூரில் பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு தொடர்கிறது. நூலகத்திலிருந்து எடுத்துப்போன புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் யார் யார் என்பது அவர்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சரி, இனி பட்டறைக்கு வருகிறேன்.

சிறுகதைப் பட்டறையை முதலில் நேரில்தான் நடத்திப் பார்த்தோம். ஞாயிறு காலை பதினொரு மணி, மாட்டுங்காவில் ஒரு வாடகை அறை. மும்பையில் ஞாயிறு என்றால் மெகா பிளாக் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் வைத்தோம். தண்டவாளப் பராமரிப்புக்காக மத்திய ரயில்வேயில் ஏறக்குறைய பதினொன்றிலிருந்து நாலு மணி வரை ஏதாவதொரு வழித்தடம் முடங்கும். டோம்பிவிலி உறுப்பினர் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தார். ஹார்பர் லைனில் வண்டி இல்லாததால் வாஷிக்காரர் வரவே இல்லை. மலாட்டிலிருந்து தாதரில் மாறி வந்தவர் சேர்ந்தபோது கதை வாசித்தே முடிந்திருந்தது. அறை வாடகையைக் கொடுத்தது சங்கம், கதையைப் பற்றிப் பேசியது நாலே பேர். அத்தோடு அதை நிறுத்திவிட்டு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஜூமில் கூடுவது என்று முடிவெடுத்தோம். சமையலறை வேலை முடிந்து, தொடர் பார்ப்பவர்களும் பார்த்து முடித்திருக்கும் நேரம் அது. ஒருவர் மட்டும் பல வாரம் ரயிலில் இருந்தபடியே கலந்துகொண்டார். தாணே தாண்டினால் அவர் குரல் போய்விடும், கல்யாணில் திரும்பி வரும். விட்ட இடத்திலிருந்து விமர்சனத்தைத் தொடர்வார்.

காசு கொடுக்காத ஜூமில் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். முதல் இரண்டு கூட்டமும் பேச்சின் நடுவே அப்படித்தான் அறுந்தன. சந்தா கட்டலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. கட்ட வேண்டாம் என்று சொன்னவன் நான்தான், கஞ்சத்தனம் என்று கேலியும் வாங்கினேன். ஆனால் அந்த நாற்பது நிமிடமே எங்களுக்கு மணியடிக்கும் வாத்தியாராக ஆனது. ஒரு கூட்டத்துக்கு ஒரு கதை. கதையை வியாழக்கிழமைக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும், படிக்காமல் வந்தால் பேசக்கூடாது.

பேசும் முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 1956-இல் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் என்ற ஊரில் கூடத் தொடங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நேரம், குறுக்கே யாரும் பேசக்கூடாது, எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது. எல்லோரும் முடித்த பிறகே அவர் பதில் சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தோம். கேட்கச் சுலபமாக இருக்கும். தன் கதையை ஏழு பேர் அலசும்போது ‘நான் சொல்ல வந்தது அதில்லை’ என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். என் கதை வந்த அன்று மைக்கை அணைத்துவிட்டு வீட்டுச் சுவரிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேமராவை அணைக்க மறந்துவிட்டேன், எல்லோரும் பார்த்தார்கள்.

இந்த முறையால் என்ன பயன் என்பதற்கு ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். தாராவியிலிருந்து ஒரு உறுப்பினர் எழுதிய முதல் கதை, விடியற்காலையில் இட்லி அவித்து விற்கும் பெண்ணைப் பற்றியது. ஊரிலிருந்து அவளுக்கு ஒரு சாவுச் செய்தி வருகிறது. ‘அவள் மனம் சுக்குநூறாக உடைந்தது’ என்று எழுதியிருந்தார். முலுண்டுக்காரர் தன் மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “போன் வந்தப்ப அந்தம்மா கையில என்ன இருந்துச்சு?” எழுதியவர் பதில் சொல்ல முடியாதே, காத்திருந்தார். கடைசியில் அவர் முறை வந்ததும், “இட்லித் துணி” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் திருத்தி அனுப்பிய கதையில் மனமும் இல்லை, சுக்குநூறும் இல்லை. துணியிலிருந்து இட்லியை உரித்துக்கொண்டிருந்தவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்கிறாள், ‘ம்’ என்கிறாள், அடுத்த தட்டை எடுக்கிறாள். ஆனால் துணியை நனைக்க மறந்துவிடுகிறாள். அந்த ஈட்டு இட்லி முழுக்கப் பிய்ந்து வருகிறது. அன்று யாரும் மூன்று நிமிடத்தை முழுதாகப் பயன்படுத்தவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருப்பதை இந்த ஆண்டுதான் ஒழுங்காகப் பேசினோம். ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்களில், கதை யாருடைய கண் வழியாகப் போகிறது என்பதைப் பற்றி நிறைய சொல்கிறார்கள். ஆனால் நமக்கு அது வினைமுற்றிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மகள் பார்வையில் போகும் ஒரு கதையில் ‘அப்பா சிரித்தார், அப்பா எழுந்தார்’ என்று மூன்று பக்கம். நான்காம் பக்கத்தில் அதே அப்பா குடித்துவிட்டு வந்ததும் ‘தள்ளாடினான்’ என்று வந்துவிட்டது. எழுதியவருக்கே தெரியவில்லை. ஒருவர் இதைப் பிழை என்றார். இன்னொருவர், அந்த இடத்தில்தான் மகள் மனதுக்குள் அப்பாவை ‘அவன்’ ஆக்கிவிட்டாள், கதையே அந்த ‘ன்’தான் என்றார். இரண்டு பேரும் சரி. தெரியாமல் நடந்ததால் பிழை, தெரிந்து செய்திருந்தால் கதை. எழுதியவர் இப்போது அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த வரிகளிலெல்லாம் ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை என்றார்.

அப்புறம் மும்பைத் தமிழ். பல வாரம் சண்டை போட்ட விஷயம். பஸ்ஸில் கண்டக்டர் ‘சுட்டா தோ’ என்று கேட்பதாக ஒரு கதையில் வருகிறது. சில்லறை கொடு என்று அர்த்தம், நமக்குப் புரியும். எழுதியவர் இதைத் திருநெல்வேலியில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். அக்கா போன் போட்டு, “யாரைச் சுட்டாங்க?” என்று கேட்டிருக்கிறார். இந்தியை அப்படியே விடுவதா, தமிழாக்குவதா, அடைப்புக்குறியில் பொருள் போடுவதா? அடைப்புக்குறி கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை வந்தது, கதை பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். கண்டக்டர் கேட்டதும் கதையில் வரும் பயணி ஐந்து ரூபாய் நாணயத்தைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினால் போதும், பொருள் தானாக வந்துவிடும். தாராவித் தமிழில் திருநெல்வேலி வாசம் இருக்கும், மாட்டுங்காவின் சில வீடுகளில் பாலக்காடும் தஞ்சாவூரும் கேட்கும். எல்லோரையும் ஒரே மாதிரி சென்னைத் தமிழ் பேசவைப்பதுதான் உண்மையான தவறு என்பது என் கருத்து, இதைச் செயற்குழுவின் கருத்தாகக் கொள்ள வேண்டாம்.

தகவல் பிழைகளைக் கண்டுபிடிப்பதில் நம் மூத்த உறுப்பினர்களை மிஞ்ச ஆளில்லை. 1984-இல் நடக்கும் கதையில் ஒருவன் ‘சி.எஸ்.எம்.டி’ ரயில் நிலையத்தில் இறங்கினான். உடனே மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். அன்று அது வி.டி., அதாவது விக்டோரியா டெர்மினஸ். அந்தப் பெயர் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று மாறியதே 1996-இல், ‘மகாராஜ்’ சேர்ந்தது 2017-இல். ஊரும் 1995 வரை பம்பாய்தான். இன்னொரு கதையில் 1982 மார்ச்சில் மில் சங்கு ஊதி ஆட்கள் வேலைக்கு ஓடினார்கள். அந்த ஜனவரி 18-இலேயே மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது என்றார் பரேலில் வளர்ந்த ஒருவர். சங்கு ஊதாத அந்த அமைதியைப் பற்றி அவர் பேசியது கதையைவிட நன்றாக இருந்தது. அதை எழுதுங்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டோம். இன்னும் எழுதவில்லை. இந்தக் கூட்டத்தின் வழியாக மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றாக நடக்காதவற்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூத்த எழுத்தாளர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள். அவர்கள் கதை கூகுள் டாக்ஸில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. மாற்றியதில் சில ஒற்றெழுத்துகள் காணாமல் போனதற்கு நான் பொறுப்பல்ல. ஒரு உறுப்பினர் இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு நாவல் பயிற்சி வகுப்பில் கணிசமான பணம் கட்டிச் சேர்ந்தார். நேரடி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் பழைய காணொளிகளை அனுப்பினார்கள், எழுதி அனுப்பிய அத்தியாயங்களுக்குப் பதிலே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கும் பதில் இல்லை. இனி யாரும் பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எழுதியதை யார் படிப்பார், எத்தனை பக்கம், எப்போது?

நவம்பரில் இருவர், ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் அந்த அமெரிக்கப் போட்டியை நாமும் செய்வோம் என்று கிளம்பினார்கள். நாளுக்கு ஏறக்குறைய 1,667 சொல். பத்தாம் தேதிக்குள் ஒருவர் நின்றார், தீபாவளி விருந்தாளிகளைக் காரணம் சொன்னார். மற்றவர் பாதி தூரம் போனார். நியாயமாகப் பார்த்தால் தமிழில் அந்தக் கணக்கே பொருந்தாது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு ஆறேழு சொல் வேண்டும். அதே புத்தகத்துக்கு நமக்கு முப்பதாயிரம் போதும் என்று அவர் சமாதானம் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. போட்டியை நடத்திய அமைப்பே, தான் மூடப்போவதாக 2025 மார்ச் கடைசியில் அறிவித்துவிட்டது.

சாட்ஜிபிடி விவகாரம். பெயர் வேண்டாம். ஒரு கதை வந்தது, ஒரு எழுத்துப்பிழை இல்லை. சயானில் ஒரு மாலை, ‘இலையுதிர் காலக் காற்று’ வீசியது, நாயகி ‘ஒரு ஆழ்ந்த மூச்சை எடுத்துக்கொண்டாள்’. நமக்குத் தெரிந்த சயானில் அந்தப் பருவத்தில் வீசுவது அக்டோபர் வெக்கை. நாலாவது ஆள் பேசும்போது, அனுப்பியவர் விதியை மீறி வாயைத் திறந்து ஒப்புக்கொண்டார். யாரும் கோபப்படவில்லை. ஆனால் ஏழு பேர் தங்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் செலவழித்து, யாரும் எழுதாத ஒன்றைப் படித்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை பார்க்கப் பயன்படுத்தலாம், கதையை எழுதவைத்து அனுப்பக்கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். இன்று பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

பட்டறையில் பேசப்பட்டவற்றில் நான்கு கதைகள் இதழ்களில் வந்தன. வராதவற்றில் இரண்டு அவற்றைவிட நல்ல கதைகள். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லி மூன்று நிமிடத்தை முடிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படிச் சொல்பவர் எந்த வரி நன்றாக இருந்தது என்று வாசித்துக்காட்ட வேண்டும் என்பது புது விதி. பாதியில் நின்றுபோனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரிடம் பேசியபோது, “என் கதையை நீங்க திருத்தினா, அது என் கதையா?” என்று கேட்டார். எனக்கு அன்று சரியான பதில் வரவில்லை, இன்றும் இல்லை.

வரும் ஆண்டில் ஒரு சனிக்கிழமை நம் கதை, மறு சனிக்கிழமை அச்சில் வந்த கதை ஒன்றை வரி வரியாகப் படிப்பது என்று திட்டம். பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய நாஞ்சில் நாடனிலிருந்து தொடங்கலாம். 2021-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அம்பை வாழ்வதும் இதே ஊரில்தான். இந்த ஊரைத் தமிழில் எழுத முடியுமா என்று நம்மில் சிலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

ஜூம் சந்தாவை இந்த ஆண்டும் கட்ட வேண்டாம் என்று முன்மொழிகிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமைக்கான கதை இன்னும் என் கைக்கு வரவில்லை. முறை யாருடையது என்பது அவருக்குத் தெரியும், முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்