பல் செட்டைக் கழுவவும் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 74. பல் செட் கட்டி 6 வருடம் ஆகிறது. போன மாதம் மேல் அண்ணம் முழுக்கச் சிவந்து, ரசம் பட்டாலே எரிகிறது என்றார். இரவிலும் செட்டைக் கழற்றாமல் தூங்கியதால் வந்த பூஞ்சைத் தொற்று என்றார் மருத்துவர். கழற்ற வேண்டும் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. கட்டிக் கொடுத்த இடத்தில் யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் விசாரித்தேன். ஒருவர் உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்க்கிறார், இன்னொருவர் கொதிக்கும் தண்ணீரில் போடுகிறார். செட் பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனது. கரித்தூள் கீறும், அந்தக் கீறலில்தான் கிருமி தங்கும். கொதிநீரில் வடிவம் மாறினால் அப்புறம் வாயில் சரியாக உட்காராது. மென்மையான பிரஷ், லேசான சோப்பு, சாதாரணத் தண்ணீர் போதும். கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக் கழுவினால் கை தவறினாலும் உடையாது. இரவில் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தொற்று எளிதில் வரும். வேலூர் மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் மாத்திரை கொடுக்க வரும்போது, "ராத்திரி செட்டைக் கழற்றுறீங்களாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

- ஒரு வாசகர், காட்பாடி