மாத்திரை வரிசையில் மூச்சு சொல்லித்தரும் சிஸ்டருக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. மாத்திரைக்குக் காத்திருப்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் அந்த சிஸ்டருக்கு நன்றி. பேர் வேண்டாம் என்றார், போடவில்லை.

"நல்லா இழுத்து விடுங்க" என்று அவர் சொல்வதே இல்லை. அதுதான் சரி. பலமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மதமதக்கும். ஏற்கெனவே பதறிய ஆள் இன்னும் பதறிவிடுவார். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வயிற்றுக் கைதான் எழ வேண்டும். மூக்கால் 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடணும்; நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். விடும் மூச்சு நீளும்போதுதான் நாடித்துடிப்பு தணியும். எண்ண வராத பாட்டிகளுக்கு, சூடான காபியை மெதுவாக ஊதச் சொல்லிக் காட்டுகிறார். அருமையான யோசனை!

கூடவே எல்லாரிடமும் ஒரு கண்டிப்பு: "மூச்சு பழகுறோம்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க."